திருட்டு நடந்தது; கணக்கில் இல்லை!

சென்ற ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கோயிலில் விளக்கேற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் மனைவியின் கழுத்திலிருந்து இரண்டரைப் பவுன் சங்கிலியை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே விழாமல் தப்பித்தது தெய்வாதீனம். கழுத்தில் நீளமாக ஒரு சிராய்ப்பு மட்டும்.

அரை மணி நேரத்திற்குள் இருவரும் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தோம். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். உட்கார நாற்காலி போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "பெரியவரே, எஃப்.ஐ.ஆர். போட்டால் கோர்ட், வாய்தா என்று இந்த வயதில் அலைய வேண்டிவரும். வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். கிடைத்தால் நாங்களே கூப்பிடுகிறோம்."

தில்லிக்கு வந்து 34 வருடங்கள். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கும் புள்ளிவிவரமுமாகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இருந்தும், அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டோவில் வரும்போது மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, கழுத்துல இருக்கிற காயமும் தானா வந்ததுன்னு எழுதினீங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை.

கொலுவில் தெரிந்த கணக்கு

நவராத்திரி வந்தது. நம் பெண்கள் வீட்டுக்கு வீடு கொலு பார்க்கப் போய்வந்தார்கள். சுண்டலோடு செய்தியும் கைமாறியது. பொங்கலிலிருந்து அந்த ஒரே சாலையில் மட்டும் ஆறு பேரிடம் சங்கிலியோ கைப்பையோ பறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் போலீசுக்கே போகவில்லை. நான்கு பேர், என் மனைவியையும் சேர்த்து, 'தொலைந்துபோனது' என்று எழுதிக் கொடுத்து ஒரு சீட்டோடு திரும்பியவர்கள். வழக்குப் பதிவானது ஒருவருக்கு மட்டுமே. அவருடைய மகன் வக்கீல்.

அப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சார்பில் நாலைந்து பேர் போய், மாலை வேளையில் அந்தச் சாலையில் ரோந்து போடவேண்டும் என்று கேட்டோம். அதிகாரி பதிவேட்டைத் திறந்து காட்டினார். "உங்கள் சாலையில் இந்த வருடம் ஒரே ஒரு வழக்கு. பக்கத்துக் காலனியில் பதினொன்று. இருக்கிற ஆட்களை நான் எங்கே அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பதிவேடு அப்படித்தான் சொன்னது. அது அப்படிச் சொன்னதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம்.

குற்றப் புள்ளிவிவரம் என்றால் பத்திரிகைக்காரர்களுக்கும் பாராளுமன்றத்துக்கும் வேண்டிய சமாச்சாரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் தெருவில் போலீஸ்காரர் நிற்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பதும் அதே புள்ளிவிவரம்தான்.

எண்கள் பிறக்கும் இடம்

இந்தியாவின் குற்றக் கணக்கைத் தொகுப்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். 1986இல் தொடங்கப்பட்ட இதன் தலைமையகம் நம் தில்லியில், மகிபால்பூரில் இருக்கிறது. 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை அதற்கும் முன்பிருந்தே, 1953ஆம் ஆண்டு முதலாக வருகிறது. காவல் நிலையத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலக் குற்ற ஆவணக் காப்பகம், அங்கிருந்து மகிபால்பூர் என்று எண்கள் படியேறிப் போகின்றன.

ஏறுகிற படிகளில் எவ்வளவு கணினி வைத்தாலும், முதல் படியில் எழுதாதது மேலே போகாது. எஃப்.ஐ.ஆர். என்று நாம் சொல்லும் முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது ஒரு குற்றம். பதிவாகாவிட்டால், நாட்டின் கணக்கைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஆக, நாளிதழ்களில் நாம் படிப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. எழுதப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால், அவற்றில் மிகக் கடுமையானது எதுவோ அதை மட்டுமே ஆண்டறிக்கை எண்ணுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொலையுண்ட ஒரு பெண், கொலைக் கணக்கில் மட்டுமே இடம்பெறுவாள். கூட்டல் எளிதாக இருக்கவேண்டும் என்று வைத்த விதி இது. ஆனால் பாலியல் குற்றங்களில் மிகக் கொடியவை அந்தத் தலைப்பிலிருந்தே நழுவிவிடுகின்றன.

சரி, எழுதுவதற்கு ஏன் தயக்கம்? எல்லாப் பழியையும் கீழ்நிலைப் போலீஸ்காரர் தலையில் போடுவது நியாயமாகாது. மாதாந்திரக் கூட்டத்தில், "உன் எல்லையில் சென்ற வருடம் பத்து, இந்த வருடம் இருபதா?" என்று மேலதிகாரி கேட்பார். சட்டசபையில் மந்திரியை எதிர்க்கட்சி இதையேதான் கேட்கும். எண்ணிக்கை கூடினால் திட்டு, குறைந்தால் பாராட்டு என்றிருந்தால், எண்ணிக்கையைக் குறைக்கச் சுலபமான வழி எழுதாமல் விடுவதுதான். மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் பரீட்சை மாதிரி இது.

தில்லி மூன்றே வருடத்தில் கெட்டுப்போனதா?

நாம் வாழும் ஊரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தில்லியில் இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் 2012இல் பதிவான வழக்குகள் சுமார் 54,000. 2013இல் 80,000. 2014இல் 1,55,000. 2015இல் 1,91,000. மூன்று வருடத்தில் மூன்றரை மடங்கு!

அதே ஆண்டுகளின் கொலை எண்ணிக்கையையும் பாருங்கள். 2012இல் 521, 2013இல் 517, 2014இல் 586, 2015இல் 570. கொலையை எழுதாமல் விடுவது கடினம். பிணம் கிடைக்கிறது, உறவினர் வருகிறார்கள், மருத்துவமனை சான்று தருகிறது. அதனால்தான் நாட்டு நிலவரம் அறிய விரும்புவோர் முதலில் கொலை எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். அது ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும்போது மற்றவை மட்டும் மூன்றரை மடங்கு கூடின என்றால், மக்கள் திடீரென்று கெட்டுவிட்டார்கள் என்பது பொருளல்ல. மூடிக்கிடந்த புத்தகம் திறக்கப்பட்டது என்பதே பொருள்.

திறந்ததற்குக் காரணங்கள் உண்டு. 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை தலைநகரை உலுக்கியது. பெண்கள் புகார் கொடுக்க முன்வந்தார்கள். போலீசாலும் மறுக்க முடியவில்லை. தில்லியில் 2012இல் 706 ஆக இருந்த பாலியல் வன்முறை வழக்குகள் 2013இல் 1,636 ஆயின. அடுத்து, 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. அதற்குத் தலைமை வகித்தவர் அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர். பிறகு 2015இல், வாகனத் திருட்டுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியும் வசதி தில்லியில் வந்தது.

எண்கள் கூடியபோது, "குற்றத் தலைநகர்" என்று நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. நம் ஊரிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். தில்லி பத்திரமான ஊர் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் நேர்மையாக எழுதத் தொடங்கிய வருடத்தில் கெட்ட பெயர் வாங்கினால், அடுத்த வருடம் யாருக்கு எழுத மனம் வரும்?

மாநிலங்களுக்குள் பந்தயம்

இதே தவறை மாநிலங்களை ஒப்பிடும்போதும் செய்கிறோம். லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற விகிதத்தில் கேரளம் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்திருக்கிறது. பீகார் வெகுவாகப் பின்னால். இதை நம்பி யாராவது கேரளத்தை விட்டுப் பீகாருக்குக் குடிபோவார்களா? படிப்பறிவும் தட்டிக்கேட்கும் பழக்கமும் உள்ள இடத்தில் சின்ன விஷயமும் வழக்காகிறது. கொலை விகிதத்தை மட்டும் பார்த்தால் பீகார்தான் மேலே நிற்கிறது.

நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு வருடம் இந்த 'முதலிடம்' கிடைத்தது. 2019இல் சுமார் 1.68 லட்சமாக இருந்த இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள், 2020இல் சுமார் 8.9 லட்சமாக உயர்ந்தன. கொரோனா ஊரடங்கில் வெளியே வந்தவர்கள்மீது அரசு உத்தரவை மீறியதாக 188ஆவது பிரிவில் போட்ட வழக்குகளே இதற்குப் பெரும் காரணம். நாடு முழுவதும் அந்தப் பிரிவில் மட்டும் 29,000 ஆக இருந்த வழக்குகள் 6.12 லட்சமாயின. அந்த வருடம் திருட்டும் கொள்ளையும் குறைந்திருந்தன. பால் வாங்கப் போனவரும் கத்தி காட்டியவரும் ஒரே கூட்டலில் வந்தால், அந்தக் கூட்டுத்தொகையால் யாருக்கு என்ன பயன்?

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் இருக்கிறது. கடைசியாக மக்கள்தொகை எடுத்தது 2011இல். 2021இல் எடுக்கவேண்டியது தள்ளிப்போய் 2027 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெருநகரங்களுக்கு 2022ஆம் ஆண்டின் அறிக்கையிலும் 2011 மக்கள்தொகையை வைத்தே விகிதம் கணக்கிட்டார்கள். ஆள் கூடிய நகரத்தைப் பழைய எண்ணால் வகுத்தால் குற்ற விகிதம் உள்ளதைவிட அதிகமாகத்தான் தெரியும்.

எழுதாததின் விலை

என் வீட்டில் போனது இரண்டரைப் பவுன். பணம் போனால் சம்பாதிக்கலாம். எழுதாமல் விட்டதற்கு வேறு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

நொய்டாவில் நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கிறோம். அங்குள்ள நிதாரி கிராமத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போனார்கள். பெற்றோர் புகாரோடு போனபோது, எங்காவது ஓடிப்போயிருக்கும் என்று திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள். 2006 டிசம்பரில் ஒரு வீட்டருகே சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் நாடு விழித்தது. முதல் இரண்டு மூன்று குழந்தைகள் போனபோதே ஒழுங்காக எழுதி, ஒரே கிராமத்தில் இத்தனையா என்று யாராவது கூட்டிப் பார்த்திருந்தால்? அந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களும் பல ஆண்டுகளுக்குப் பின் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இன்றுவரை விடை இல்லை.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், காணாமல் போன குழந்தை ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. இனி கடத்தல் வழக்குகள் கூடிவிட்டன என்ற செய்தியைப் படிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணுக்குள் தேடப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பிறர் செய்தது என்ன?

போலீஸ் கணக்கு சரியா என்று பார்க்க உலகில் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன.

முதல் வழி, வீடு வீடாகப் போய்க் கேட்பது. "சென்ற ஆண்டில் உங்கள் வீட்டில் என்ன குற்றம் நடந்தது? போலீசில் சொன்னீர்களா?" என்று. அமெரிக்காவில் 1973 முதலும் பிரிட்டனில் 1982 முதலும் இத்தகைய ஆய்வு நடக்கிறது. இங்கே அரசு இதை ஒழுங்காக ஆண்டுதோறும் செய்வதில்லை. தில்லி, மும்பை, சென்னை, பெங்களூர் நகரங்களில் தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்று கேட்டறிந்து 2017இல் வெளியிட்டபோது, திருட்டுக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எஃப்.ஐ.ஆர். வரை போகவில்லை என்றே தெரிந்தது. நம் கொலுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது! அரசின் தேசியக் குடும்பநல ஆய்வும், வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் யாரிடமும் சொல்லவோ உதவி கேட்கவோ இல்லை என்கிறது.

இரண்டாவது வழி, தணிக்கை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014இல் காவல்துறை ஆய்வாளர்கள், மக்கள் கொடுத்த புகார்களையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்று எழுதப்படவே இல்லை! அந்த ஆண்டு ஜனவரியிலேயே போலீஸ் கணக்கிலிருந்து 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதி பறிக்கப்பட்டிருந்தது. அதன்பின் ஒவ்வொரு காவல் பிரிவையும் தொடர்ந்து தணிக்கை செய்ததில், பதிவாகும் புகார்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயர்ந்தன.

நம் நாட்டிலேயே ராஜஸ்தானில், 2019 முதல், காவல் நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். வழக்கம்போல் எண்கள் கூடின. வழக்கம்போல் ஏச்சும் கிடைத்தது.

இங்கே செய்யவேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. 112க்கு வரும் அழைப்புகளையும் 'தொலைந்தது' சீட்டுகளையும் மாதம் நூறு எடுத்து, எஃப்.ஐ.ஆர். பதிவேட்டோடு வெளியார் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கையை வைத்து அதிகாரிகளுக்கு மதிப்பெண் போடுவதை விட்டு, எத்தனை புகார் எழுதப்பட்டது, எத்தனை துப்புத் துலங்கியது என்று பார்க்கலாம். கணக்கைத் தெருவாரியாக, மாதாமாதம் வெளியிடலாம். 2023ஆம் ஆண்டின் தேசிய அறிக்கை 2025 செப்டம்பர் முடிவில்தான் வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக்கு முகூர்த்தம் வைக்க முடியுமா?

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யும்போது செய்யட்டும். முதல் படியில் நிற்பவர்கள் நாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டங்களில் நமக்கு வேண்டிய சில:

• சங்கிலிப் பறிப்பு இப்போது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 304. மூன்றாண்டு வரை சிறை. 'தொலைந்தது' என்று எழுதாதீர்கள். 'பறிக்கப்பட்டது' என்றே எழுதுங்கள்.

• எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்பது பதிலாகாது. எண் போடாமல் பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும். இதற்கு 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பெயர்.

• மின்னஞ்சல் முதலிய வழிகளிலும் தகவல் தரலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்.

• வாயால் சொன்னதை எழுதிய பிறகு நமக்குப் படித்துக் காட்டவேண்டும். இந்தி சரளமாக வராதவர்கள் வெட்கப்படாமல், புரியும்வரை கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

• மறுத்தால், அதே புகாரைத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, தில்லியில் துணை ஆணையருக்கு, அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களுக்கு எதிரான கொடிய குற்றங்களில் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத்தண்டனை உண்டு.

• ஊருக்குப் போகும் ரயிலில் பெட்டி திருடு போனால், நடுவழியில் இறங்கவேண்டியதில்லை. டிக்கெட் பரிசோதகரிடமோ கார்டிடமோ படிவம் வாங்கி எழுதிக் கொடுங்கள். "ஜான்சியிலா, போபாலிலா, எங்கே போனது என்றே தெரியாதே" என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக என் கதை. பொங்கல் கழிந்து, நடந்ததை நடந்தபடி எழுதி, முன்பு தவறாக எழுதியதையும் ஒப்புக்கொண்டு, துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அதே நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வழக்குப் பதிவாயிற்று. என்னைப் பார்த்து மேலும் இருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர், "போனது போச்சு, விடுங்கள்" என்றுவிட்டார்.

சங்கிலி கிடைக்கவில்லை, கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நாங்கள் எதிர்பார்த்த ரோந்து சில வெள்ளிக்கிழமைகளில் வருகிறது, சில வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. ஆனால் அந்தச் சாலையின் கணக்கில் இப்போது ஒன்று அல்ல, நான்கு. அடுத்த முறை போய் நாங்கள் ரோந்து கேட்கும்போது, அந்த அதிகாரி திறந்து காட்டும் பக்கம் வேறாக இருக்கும்.

எஃப்.ஐ.ஆர். நகலை மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தியை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். "கழுத்தில் காயம்" என்ற இடம் வந்ததும், "இதையும் எழுதியிருக்காங்க" என்று சொல்லி, பீரோவில் நகைப்பெட்டி இருந்த இடத்தில் அதை வைத்துப் பூட்டினாள்.